எஞ்சின் மாற்றிய அம்பாசிடரில் ஏசி: எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது?

எஞ்சின் இறங்கி உட்கார்ந்துவிட்டது. முதல் செல்ஃபிலேயே ஸ்டார்ட் ஆனதும் பட்டறையில் இருந்த எல்லோருக்கும் சந்தோஷம். டீ சொல்லிவிட்டு வந்து பார்த்தால், மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டர் பக்கம் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கையில் இரண்டு ரப்பர் ஹோஸ். இரண்டின் வாயிலும் பழைய துணி சுருட்டி அடைக்கப்பட்டிருந்தது.

"சார், இதை என்ன பண்றது?"

ஏசியைப் பற்றி அதுவரை நாங்கள் யாருமே பேசவில்லை. கியர் பாக்ஸ், மவுண்டிங், சைலன்சர், புரொபெல்லர் ஷாஃப்ட் நீளம் என்று இரண்டு மாதம் பேசினோம். மதுரை வெயிலில் ஓட்டப்போகிற வண்டிக்கு ஏசியை மட்டும் மறந்துவிட்டோம். அந்த மறதியால் அதே வேலையை இரண்டு முறை செய்தேன். எஞ்சின் மாற்ற நினைக்கிற பழைய கார்க்காரர்கள் அந்த இரண்டாவது செலவைத் தவிர்க்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது. 1986 மார்க் 4 அம்பாசிடர், பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். தொண்ணூறுகளில் டேஷ்போர்டுக்கு அடியில் தொங்குகிற ஏசி யூனிட் ஒன்று போட்டிருந்தார். கொடைக்கானல் போகும்போது காட் ரோடு ஆரம்பித்ததும் முதல் வேலையாக அதை அணைப்பார், இல்லாவிட்டால் வண்டி ஏறாது. இப்போது அதில் இருப்பது பின்னாளில் அம்பாசிடருக்கே கம்பெனி போட்ட 1817 சிசி இசுசு எஞ்சின், 5 கியர். சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடையில் எடுத்தது. இசுசு என்பதால் இந்த வண்டிக்குள் உட்காரும் என்று தெரியும், ஏற்கெனவே உட்கார்ந்த சரித்திரம் உண்டு. ஆனால் நான் சொல்லப்போவது பத்மினி, ஜீப், ஜிப்சி எதுவாக இருந்தாலும் பொருந்தும்.

முதலில் அந்த வளையம்

கார் ஏசி ஒரு மூடிய வளையம். கம்ப்ரசர் கேஸை அழுத்துகிறது. முன்னால் இருக்கிற கன்டென்சரில் சூடு வெளியேறி கேஸ் திரவமாகிறது. ட்ரையர் ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. எக்ஸ்பான்ஷன் வால்வில் அழுத்தம் சட்டென்று இறங்கி, கூலிங் காயிலில் திரவம் கொதித்து, காருக்குள் இருக்கிற சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி கம்ப்ரசருக்கு வருகிறது. இதில் எஞ்சினோடு சேர்ந்தது கம்ப்ரசர் ஒன்றுதான். மற்றதெல்லாம் பாடியோடு சேர்ந்தது. எஞ்சின் ஆடும், பாடி அதே மாதிரி ஆடாது, அதனால்தான் நடுவில் ரப்பர் ஹோஸ்.

எஞ்சினைத் தூக்கும்போது இந்த வளையம் சரியாக அந்த ஹோஸில்தான் அறுபடுகிறது. ஆகவே "ஏசி போச்சு" என்று நினைக்க வேண்டியதில்லை. பாதி ஏசி வண்டியிலேயே இருக்கிறது. மீதிப் பாதியை எங்கிருந்து கொண்டுவருவது, பழைய பாதியில் எதை வைத்துக்கொள்வது, இரண்டையும் எங்கே ஒட்டுவது, இவ்வளவுதான் முடிவு எடுக்க வேண்டியது.

அந்தத் துணி அடைத்த ஹோஸைப் பற்றி ஒரு வார்த்தை. துணி ஈரக்காற்றைத் தடுக்காது. திறந்து கிடந்த இரண்டு மாதத்தில் ட்ரையர் மொத்தமும் ஈரத்தைக் குடித்து வீணாகிவிட்டது. ஹோஸைக் கழற்றின நிமிஷமே ரப்பர் மூடி போட்டு இறுக்க வேண்டும். ஐம்பது ரூபாய் வேலை.

பழைய கம்ப்ரசரை புது எஞ்சினில் கட்டுவது

நான் முதலில் செய்தது இதுதான், ஏனென்றால் கையில் ஏற்கெனவே ஒரு கம்ப்ரசர் இருந்தது. சாண்டன் 508, ஐந்து பிஸ்டன், ஒரு சுற்றுக்கு 138 சிசி. உலகம் முழுக்க டிராக்டரிலிருந்து கார் வரை மாட்டப்பட்ட கம்ப்ரசர் அது. இன்றைக்கும் அதே வகை புதிதாகவே கிடைக்கிறது. பக்கவாட்டில் சாய்த்து மாட்டலாம், தலைகீழாகத்தான் மாட்டக்கூடாது. இதைவிடத் தோதான கம்ப்ரசர் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். பிரச்சினை கம்ப்ரசரில் இல்லை, அதைத் தாங்குகிற பிராக்கெட்டில்.

லேத் பட்டறையில் 6 மில்லிமீட்டர் தகட்டில் எல் மாதிரி ஒரு பிராக்கெட் வெட்டி, எஞ்சின் பிளாக்கில் இரண்டு போல்ட் போட்டு மாட்டினோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குளிரும் வந்தது. மூன்றாவது வாரம் திண்டுக்கல் தாண்டியதும் "கீச்" என்று ஒரு சத்தம், பெல்ட் போயே போச்சு. இறங்கிப் பார்த்தால் தகடு மடிப்பில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். கம்ப்ரசர் பாதி விரல் அளவு தலைசாய்த்து நின்றது.

கம்ப்ரசர் சும்மா சுற்றுகிற சாமான் இல்லை. அதன் புல்லியில் இருக்கிற மின்காந்தக் கிளட்ச்தான் கம்ப்ரசரைப் பெல்ட்டோடு சேர்ப்பதும் பிரிப்பதும். அது பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பெல்ட் கம்ப்ரசரை ஒரு பக்கம் வெடுக்கென்று இழுக்கிறது. கூடவே நான்கு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு. இரண்டு போல்ட்டில் நீட்டிக்கொண்டு நிற்கிற தகடு இதை ரொம்ப நாள் தாங்காது. பிராக்கெட் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் 10 மில்லிமீட்டர் தகடு, எஞ்சினில் குறைந்தது மூன்று இடத்தில் பிடிப்பு, கம்ப்ரசரின் முன் காது பின் காது இரண்டையும் பிடிக்கிற மாதிரி அமைப்பு, மூலையில் முட்டு, இத்தனையும் வேண்டும். ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையை பாடியிலும் போல்ட் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எஞ்சின் ஆடுகிற முதல் ஆட்டத்திலேயே ஏதாவது ஒன்று உடையும்.

அப்புறம் புல்லி நேர்கோடு. கிராங்க் புல்லியும் கம்ப்ரசர் புல்லியும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒரே நேரில் நிற்க வேண்டும். நீளமான இரும்பு ஸ்கேலை இரண்டின் முகத்திலும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், கண்ணால் பார்த்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். புது எஞ்சினில் பல வரி ரிப் பெல்ட் இருந்து, பழைய கம்ப்ரசரில் ஒற்றை வி-பெல்ட் புல்லி இருந்தால் கிளட்ச் புல்லியை மாற்ற வேண்டிவரும். அதற்கும் ஒரு செலவு.

இந்த வழி யாருக்கு? புது எஞ்சின் ஏசியே இல்லாத வண்டியிலிருந்தோ வேனிலிருந்தோ வந்து, அதற்கென்று கம்பெனி பிராக்கெட் கிடைக்கவே கிடைக்காது என்றால் இதுதான் வழி. நல்ல லேத்காரர் இருந்தால் பல வருஷம் நிற்கும். எனக்கு மாதிரி "இருக்கிறதை வைத்து ஒப்பேற்றலாம்" என்று இறங்கினால் நிற்காது.

எஞ்சினோடு பிறந்த கம்ப்ரசரையே எடுப்பது

விரிசல் விட்ட பிராக்கெட்டோடு மறுபடி புதுப்பேட்டை போனேன். ஏசி வைத்த காண்டசா காரிலிருந்து இறக்கிய அதே வகை எஞ்சின் ஒன்றில் கம்ப்ரசர், வார்ப்பிரும்பு பிராக்கெட், பெல்ட் இறுக்குகிற புல்லி எல்லாம் அப்படியே இருந்தன. "அன்னைக்கே இதையும் சேர்த்து எடுத்திருந்தா பாதி காசுக்குக் கொடுத்திருப்பேனே தம்பி" என்றார் கடைக்காரர். வியாபாரப் பேச்சாக இருக்கலாம், ஆனால் எஞ்சினோடு சேர்த்து வாங்குகிறபோது இதெல்லாம் மலிவு என்பது மெய்.

கம்பெனி பிராக்கெட் பிளாக்கில் அதற்கென்றே வார்த்த இடங்களில் உட்காருகிறது. புல்லி தானாகவே நேரில் நிற்கிறது. மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. முதல் முறை லேத்தில் காத்திருந்தது மட்டும் இரண்டு நாள்.

பழைய கம்ப்ரசர் வாங்கும்போது நான் பார்த்தது இவ்வளவுதான்: கிளட்ச்சின் முன் தட்டைக் கையால் சுற்றினால் சீரான இறுக்கத்தோடு சுற்ற வேண்டும், கரகரவென்று சத்தம் வரக்கூடாது. கிளட்ச் காயிலில் மீட்டர் வைத்தால் மூன்று நான்கு ஓம் காட்ட வேண்டும். கவிழ்த்து ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் எடுக்கலாம். கறுப்பாகவோ, உள்ளே வெள்ளிப்பொடி மின்னுகிற மாதிரியோ இருந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

இந்த வழியிலும் முள் உண்டு. ஒன்று, இடம். வேறு வண்டியில் கம்ப்ரசர் கீழே இருந்த பக்கத்தில் நம் வண்டியில் ஸ்டியரிங்கோ கிராஸ் மெம்பரோ சைலன்சர் பைப்போ வரும். எஞ்சினை இறக்குவதற்கு முன்பே கம்ப்ரசரை மாட்டி, மொத்தமாக இறக்கிப் பார்க்க வேண்டும். பெரிய முள் இன்னொன்று: புது வண்டிகளின் எஞ்சினை எடுக்கிறவர்கள் கம்ப்ரசரில் கிளட்ச் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளட்ச்சே இல்லாமல் எப்போதும் சுற்றிக்கொண்டே, உள்ளே ஒரு மின்வால்வு மூலம் அழுத்துகிற அளவைக் கூட்டிக் குறைக்கிற கம்ப்ரசர்கள் இப்போது நிறைய. அந்த வால்வுக்கு ஆணை தர ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பழைய வண்டியில் ஒரு சுவிட்சும் ஒரு தெர்மோஸ்டாட்டும்தான் இருக்கின்றன. அப்படிப்பட்ட கம்ப்ரசர் வந்தால், அதே பிராக்கெட்டில் உட்காருகிற கிளட்ச் வகை உண்டா என்று தேடுவது நல்லது.

எஞ்சின் இன்ஜெக்ஷன் வகையாக இருந்தால் இன்னொரு விஷயம். ஏசி போடப்போகிறோம் என்று ஈசியூவுக்கு, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டருக்கு, முன்கூட்டியே சொல்ல ஒரு ஒயர் உண்டு. சொன்னால் அது ஐடிலை (நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தை) தூக்கிவிட்டு, பிறகு தானே கம்ப்ரசர் ரிலேவைப் போடும். முழு வேகத்தில் ஏறும்போதும் எஞ்சின் சூடானாலும் தானே துண்டிக்கும். பல பட்டறைகளில் இந்த ஒயரை மடக்கி டேப் சுற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து நேராகக் கிளட்சுக்கு லைன் கொடுத்துவிடுகிறார்கள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எஞ்சின் அணைந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். என்னுடையது கார்புரேட்டர் என்பதால் எனக்கு வேலை சுலபம்: கிளட்சோடு சேர்ந்து ஒரு சின்ன சாலினாய்டு வேலை செய்து, வாக்குவத்தால் த்ராட்டிலைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும் ஐடில் அப். எந்த எஞ்சினானாலும் கிளட்ச் லைன் ரிலே வழியாகவே போகட்டும். டேஷ்போர்டு சுவிட்ச் அந்த நாலு ஆம்பியரை நாள் முழுக்கச் சுமந்தால் கருகும்.

மின்சாரக் கம்ப்ரசர்

இதைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. பெல்ட் வேண்டாம், பிராக்கெட் வேண்டாம், டிக்கியில்கூட வைத்துக்கொள்ளலாம், கேட்கவே குளுகுளுவென்று இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அம்பாசிடர் அளவுள்ள கூண்டை மே மாதத்தில் குளிர்விக்க, கம்ப்ரசருக்கு ஒன்றரை கிலோவாட் மின்சாரமாவது வேண்டும். 13.5 வோல்ட்டில் அது 110 ஆம்பியருக்கு மேல். பழைய எஞ்சின்களோடு வருகிற ஆல்டர்னேட்டர் 45 முதல் 65 ஆம்பியர். இன்னும் பழைய வண்டிகளில் இருந்த டைனமோ 22 ஆம்பியர்தான் கொடுக்கும். அதிலேயே ஹெட்லைட், ஹார்ன், வைப்பர், இப்போது ரேடியேட்டர் ஃபேனும் ஓட வேண்டும்.

சரி, பெரிய ஆல்டர்னேட்டர் போட்டால்? போடலாம். அப்போது அதற்குத் தகுந்த பிராக்கெட், அகலமான பெல்ட், தடித்த கேபிள், இத்தனையும் வேண்டும். எந்தப் பிராக்கெட் வேலையிலிருந்து தப்பிக்க இங்கே வந்தோமோ அதே வேலை வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும். சக்தி எப்படியும் எஞ்சினிலிருந்துதான் வருகிறது, நடுவில் மின்சாரமாக மாறும்போது கொஞ்சம் வீணாகிறது. மின்சாரக் காரின் கம்ப்ரசர் ஏன் நன்றாக வேலை செய்கிறது என்றால் அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் பேட்டரி இருக்கிறது. லாரி டிரைவர்கள் நிறுத்தித் தூங்கும்போது ஓட்டுகிற 24 வோல்ட் யூனிட்டுகளும் உண்டு. அவை சின்னக் கேபினுக்கு, இரவு நேரத்துக்கு. நாலு கதவு கண்ணாடிக் கூண்டுக்கு மத்தியான வெயிலில் போதாது. இந்த வழியை இன்றைக்கு யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எல்லாம் புதிதாக, அல்லது எதுவுமே இல்லாமல்

ஒரு முழு செட் வாங்கி கூலிங் காயில் முதல் கம்ப்ரசர் வரை மாற்றிவிடுவது நான்காவது வழி. பழைய கூலிங் காயிலில் அரிப்பு விழுந்து கசிந்தால் வேறு வழியில்லை. கசியாவிட்டால் எனக்கு இதில் ஆசை இல்லை. அப்பா போட்ட யூனிட்டின் காயில் தடித்த செம்பு. கழற்றிக் கழுவினபோது உள்ளிருந்து வேப்பிலையும், என் அக்காவின் தலை ரப்பர் பேண்ட் ஒன்றும் வந்தன. கழுவி மாட்டியதும் காற்று இரண்டு மடங்கு வந்த மாதிரி இருந்தது. இன்றைய செட்டுகளின் மெல்லிய அலுமினியக் காயிலைவிட அது எத்தனையோ மேல். எக்ஸ்பான்ஷன் வால்வை மட்டும் புதிது போட்டேன்.

ஏசியே வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். ஞாயிறு காலை ஒரு சுற்று போகிற வண்டி என்றால் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டு ஓட்டலாம். அம்மாவை உட்கார வைத்து மே மாதம் திருச்செந்தூர் போவதாக இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

கேஸ், கன்டென்சர், ஹோஸ்

எந்த வழியில் போனாலும் காசு உண்மையில் போக வேண்டிய இடம் இதுதான். பலர் கம்ப்ரசருக்கு யோசித்த நேரத்தில் பாதிகூட இதற்கு யோசிப்பதில்லை.

தொண்ணூறுகளின் ஏசிகளில் இருந்தது ஆர்12 என்கிற கேஸ். ஓசோன் படலத்தைத் துளைக்கிறது என்று 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையில் கட்டுப்படுத்தப்பட்டு, இந்தியாவிலும் 2010க்குள் முடிவுக்கு வந்துவிட்டது. இப்போது போடுவது ஆர்134ஏ. இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் நம் ஊர் வெயிலில் வித்தியாசம் பெரிது. கன்டென்சர் 60 டிகிரியில் வேலை செய்யும்போது ஆர்12 சுமார் 15 பார் அழுத்தத்தில் இருக்கும், ஆர்134ஏ 17 பாரை நெருங்கும். பழைய குழாய் வகை கன்டென்சருக்கு அந்தச் சூட்டை வெளியே தள்ளத் திராணி இல்லை. ஹைவேயில் குளிரும், பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் நெரிசலில் நின்றால் அனல் காற்று. ஆகவே கிரில்லுக்குப் பின்னால் எவ்வளவு பெரிது நிற்குமோ அவ்வளவு பெரிய பேரலல் ஃப்ளோ (பல மெல்லிய குழாய்களில் ஒரே நேரத்தில் கேஸ் ஓடுகிற) கன்டென்சர், அதன் முன்னால் ஒரு மின்விசிறி. புது எஞ்சின் பழையதைவிட அதிகச் சூடு தருகிறது, கன்டென்சரின் சூடும் அதே ரேடியேட்டருக்குள்தான் நுழைகிறது. ரேடியேட்டர் ஏற்கெனவே திணறினால் ஏசி அதை முடித்துவிடும்.

பழைய ரப்பர் ஹோஸ் வழியாக ஆர்134ஏ மெல்ல மெல்லக் கசிந்து போகும். உள்ளே நைலான் பூச்சு உள்ள பேரியர் ஹோஸ்தான் வேண்டும். கிளிப் போட்டு இறுக்காமல், மெஷினில் கிரிம்ப் செய்து வாங்க வேண்டும். எஞ்சின் அதன் இடத்தில் உட்கார்ந்தபின் அளந்து, ஆடுவதற்கு ஒரு வளைவு விட்டு வெட்டச் சொல்லுங்கள். கம்ப்ரசர் பக்கம் புது எஞ்சினின் முனை, கன்டென்சர் பக்கம் நம் பழைய முனை. நான் முதலில் கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான்: ஒட்டு ஹோஸில்.

ஆர்12க்கான மினரல் ஆயில் ஆர்134ஏவோடு கலக்காது. கலக்காத ஆயில் கூலிங் காயிலில் போய்த் தங்கிவிடும், கம்ப்ரசர் வறண்டு சாகும். காயிலையும் பைப்பையும் ஃப்ளஷ் செய்து, ஓ-ரிங் எல்லாம் மாற்றி, ட்ரையரைப் புதிது போட்டு, அப்புறம்தான் கேஸ். பழைய ஆயில் கொஞ்சம் தங்கியிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் எஸ்டர் ஆயில் பாதுகாப்பு. முக்கால் மணி நேரமாவது வாக்குவம் போட்டு (உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி), பம்பை நிறுத்திவிட்டு ஊசி அசைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "டைம் இல்லை சார், பத்து நிமிஷம் போதும்" என்றால் வேறு கடை பாருங்கள்.

கேஸ் அளவு எடை மெஷின் வைத்துத்தான். அந்தக் காலத்து ஆட்கள் ட்ரையர் கண்ணாடியில் நுரை நிற்கும் வரை அடிப்பார்கள். ஆர்12க்கு அது சரி. ஆர்134ஏவில் நுரை நிற்கும்போது அளவு மிஞ்சியிருக்கும். பழைய அளவில் 80 முதல் 90 சதவீதம் போதும். இன்னொன்று: சமையல் கேஸ் மாதிரியான ஹைட்ரோகார்பன் கேஸை "இது நல்லா குளிரும்" என்று சொல்லி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். குளிரும், உண்மைதான். ஆனால் தொங்கு யூனிட்டில் கூலிங் காயில் நம் முழங்காலுக்கு முன்னால் இருக்கிறது. அது கசிந்தால் தீப்பிடிக்கிற கேஸ் காருக்குள்ளேயேதான் நிறையும்.

எஞ்சின் மாற்றும்போது ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில்) புதிதாகத் துளை போட்டிருப்பார்கள், பழைய துளைகள் சில காலியாக நிற்கும். இரவில் பானட்டுக்குள் டார்ச் லைட் வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து பாருங்கள். நான் ஏழு வெளிச்சப் புள்ளி எண்ணினேன். அத்தனை வழியாகவும் எஞ்சின் சூடு காலில் அடித்துக்கொண்டிருந்தது. கிராமெட்டும் சீலன்டும் வைத்து அடைத்து, கியர் பாக்ஸ் மேட்டில் ஃபாயில் ஒட்டிய ஷீட் போட்டபின், ஏசி அதே ஏசிதான், ஆனால் ஃபேனை மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைக்க முடிந்தது.

எஞ்சின் மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுக்குள் வருகிறது. ஆர்டிஓவிடம் அனுமதி கேட்பது, ஆர்சியில் எஞ்சின் எண்ணைப் பதிவது இரண்டையும் பட்டறைக்குப் போவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

எங்கள் வண்டியில் இப்போது ஓடுவது: காண்டசாவோடு வந்த கம்ப்ரசர், புது ஹோஸ், புது கன்டென்சர், அப்பாவின் பழைய கூலிங் காயில். ஒன்றைத்தான் யாருமே யோசிக்கவில்லை. பழைய கியர் லீவர் ஸ்டியரிங் தண்டில் இருந்தது. புது கியர் பாக்ஸின் லீவர் தரையிலிருந்து வருகிறது. தொங்கு யூனிட் நிற்பதும் அதே நடுவில். முதல் நாள் மூன்றாவது கியர் போட்டதும் லீவர் போய் ஏசி கிரில்லில் இடித்தது. லீவரைச் சூடுபடுத்திப் பின்பக்கம் வளைத்து, யூனிட்டை இடதுபுறமாக நகர்த்தி மாட்டினோம். இப்போது நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. குளிர்காற்று என்னைவிட பக்கத்தில் உட்காருகிறவருக்குத்தான் அதிகம் போகிறது. அம்மாவுக்கு அதில் எந்தப் புகாரும் இல்லை.